மின்தடைக்குப் பிறகு பிரிட்ஜில் இருந்த தடுப்பூசிகள்: எதை வைப்பது, எதை எறிவது?

கிளினிக்_வெள்ளவத்தை

வணக்கம். குடும்ப வைத்தியர் நிலையம் ஒன்றின் தடுப்பூசி இருப்பு பற்றிய கேள்வி. வீட்டுப் பாவனைக்கான இரண்டு கதவுப் பிரிட்ஜ், மேலே பிரீசர். சனி இரவு ஐந்தரை மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடமையில் இருந்தவர் பிரீசரில் இருந்த ஐஸ் பெக்குகளை எடுத்துத் தடுப்பூசிப் பெட்டிகளைச் சுற்றி அடுக்கியிருக்கிறார். பிறகு பார்த்தபோது தேர்மோமீற்றரில் ஆகக்கூடியது 12.3 பாகை, ஆகக்குறைந்தது −1.8 பாகை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று அந்தக் கருவி சொல்லாது.

உள்ளே இருப்பவை: எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி; தூளும் கரைப்பானும்), கொப்பளிப்பான் ஊசி (தூள்), ஹெப்படைட்டிஸ் பி, எச்பிவி (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி), இன்ஃபுளுவென்சா (மருந்து நிரப்பிய சிரிஞ்), விசர்நாய்க்கடி ஊசி (தூள்), ரோட்டா வாய்வழி மருந்து. பார்வைக்கு ஒன்றிலும் மாற்றமில்லை. ஒருவர் முழுவதையும் எறியச் சொல்கிறார். இன்னொருவர் "ஐந்து மணித்தியாலத்தில் என்ன நடந்துவிடப் போகுது" என்கிறார்.

இன்னொன்றும் விளங்கவில்லை. உயிருள்ள வைரஸ் இருக்கிற எம்எம்ஆர் தூள் உறைந்தாலும் பரவாயில்லையாம். உயிரே இல்லாத ஹெப்படைட்டிஸ் பி உறைந்தால் போச்சாம். மாறியல்லவா இருக்க வேண்டும்?

---

பாகை_எட்டு

இப்போதைக்கு ஒன்றையும் எறியவும் வேண்டாம், ஒருவருக்கும் போடவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு "பாவிக்க வேண்டாம், விசாரணையில்" என்று எழுதி 2 முதல் 8 பாகைக்குள் வையுங்கள். வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு யோசிப்பதுதான் பலர் செய்கிற வேலை. அந்த யோசனை முடிவதற்குள் நல்ல குப்பியும் சூடாகிவிடும்.

பிறகு எழுத வேண்டியவை: மின்சாரம் போன நேரம், வந்த நேரம், இரண்டு வெப்பநிலைகள், ஒவ்வொரு மருந்தின் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, எத்தனை, எந்தத் தட்டில் இருந்தது, ஐஸ் பெக் எதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடைசி விபரத்தைக் கடமையில் இருந்தவரிடம் இன்றைக்கே கேளுங்கள், நாளைக்கு மறந்துவிடுவார். தேர்மோமீற்றரின் உணரி எங்கே தொங்கியது என்பதும் முக்கியம். காற்றில் தொங்கினால் அது காற்றின் குளிரைக் காட்டும். குப்பிக்குள் இருக்கும் திரவம் அவ்வளவு வேகமாகக் குளிராது. கிளிசரின் போத்தலுக்குள் இருந்தால் மருந்துக்குக் கிட்டிய கணக்கு வரும். ஆனால் ஐஸ் பெக் ஒட்டியிருந்த பெட்டி உணரி காட்டியதைவிடவும் குளிர்ந்திருக்கலாம்.

இந்த விபரங்களோடு இறக்குமதி முகவரைத் தொடர்புகொண்டு எழுத்தில் பதில் கேளுங்கள். ஒவ்வொரு மருந்தும் எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற தரவு உற்பத்தியாளரிடம் இருக்கும். அரச விநியோகத்தில் வந்த குப்பிகள் இருந்தால் உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்ல வேண்டும்.

என்னுடைய கணிப்பு: 12.3 பாகை என்னைப் பயமுறுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஏற்ற பிரிட்ஜ் பதிவுக் கருவிகளில் எச்சரிக்கை மணி எப்போது அடிக்கும் தெரியுமா? 8 பாகைக்கு மேல் தொடர்ந்து 10 மணித்தியாலம் இருந்தால். குளிர்ப் பக்கத்தில் −0.5 பாகையில் 60 நிமிடமே போதும். அந்த இரண்டு எல்லைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எது ஆபத்து என்று தெரியும். மின்தடை உங்கள் மருந்துக்குச் செய்ததைவிட ஐஸ் பெக் செய்தது கூட இருக்கலாம்.

ஒரு குறிப்பு. சில குப்பிகளில் வட்டமும் நடுவில் சதுரமுமாக ஒரு நிறக்குறி ஒட்டியிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் பாவிக்கலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் கழிக்க வேண்டும். அது சூட்டை மட்டும் கணக்கெடுக்கும். உறைந்த குப்பியிலும் அந்தச் சதுரம் அழகாக வெள்ளையாகவே இருக்கும். தனியார் சந்தையில் வரும் பல ஒற்றை டோஸ் ஊசிகளில் அந்தக் குறியே இருக்காது.

---

நுண்மி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கேள்வி "உயிரா, உயிரில்லையா" என்பதல்ல. தண்ணீர் இருக்கிறதா, அலுமினியம் இருக்கிறதா என்பதுதான்.

சின்னமுத்து வைரஸ் கொழுப்பு உறை கொண்ட ஆர்என்ஏ வைரஸ். உறையில் இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும்: ஒன்று கலத்தைப் பிடிக்கும், மற்றது உறையையும் கலமென்சவ்வையும் ஒன்றாக்கி உள்ளே வழி திறக்கும். கொழுப்பு உறை குலைந்தால் வைரஸ் தொற்றாது. சவர்க்காரம், மதுசாரம், சூடு மூன்றுமே அதைக் குலைக்கும். தண்ணீரில் வைத்து மெதுவாக உறைய விட்டாலும் பனிப்படிகமும், ஐஸுக்கு வெளியே செறிந்துபோகும் உப்பும் சேதம் செய்யும். இதனால்தான் தண்ணீரையே எடுத்துவிடுகிறார்கள். வைரஸைச் சீனி, ஜெலற்றின் போன்ற நிலைப்படுத்திகளோடு கலந்து, உறைய வைத்து, வெற்றிடத்தில் உலர்த்தினால் கண்ணாடி போன்ற திடப்பொருளுக்குள் அது அசையாமல் கிடக்கும். உறைவதற்குத் தண்ணீர் இல்லை. அதனால் பிரீசருக்குள் போனாலும் தூளுக்கு ஒன்றும் ஆகாது. சூட்டையும் ஓரளவு தாங்கும். உலர்ந்த சின்னமுத்து மருந்து 37 பாகையில் 7 நாள் இருந்த பிறகும் டோஸுக்குக் குறைந்தது 1,000 உயிருள்ள வைரஸ் அலகுகள் மிஞ்ச வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபந்தனை. 12 பாகையில் சில மணித்தியாலம் அதற்கு ஒரு பொருட்டல்ல.

கரைத்த பிறகு கதை வேறு. அறை வெப்பநிலையில் 20 முதல் 25 பாகையில் ஒரு மணித்தியாலத்தில் வீரியத்தில் பாதி போய்விடும்; 37 பாகைக்கு மேல் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ முழுவதும். கொழும்பில் ஏசி இல்லாத அறை 25 பாகையில் நிற்பதில்லை, கவனியுங்கள். வெளிச்சமும் கெடுக்கும்.

ஹெப்படைட்டிஸ் பி ஊசியில் வைரஸே இல்லை. வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை மதுவக் கலங்களில் செய்து எடுக்கிறார்கள். அது தானாகவே 22 நனோமீற்றர் அளவு உருண்டைகளாகச் சேரும். முழு வைரஸ் 42 நனோமீற்றர். எச்பிவி ஊசியும் இப்படித்தான், எல்1 என்ற ஒரே புரதத்தின் 360 பிரதிகள் ஐந்தைந்தாகக் கூடி 72 அலகுகளாகி வெறும் கூடு ஒன்றைக் கட்டும். உள்ளே மரபணு கிடையாது, ஆகவே நோய் வர வழியும் கிடையாது. ஆனால் வெறும் புரதத்தை மட்டும் ஏற்றினால் உடல் பெரிதாகக் கவனிக்காது. அதனால் அதை அலுமினிய உப்பின் மிக நுண்ணிய துணிக்கைகளில் ஒட்ட வைக்கிறார்கள். பிறபொருளெதிரி உற்பத்தியைத் தூண்டுவதில் அலுமினியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

உறையும்போது உடைவது இந்த அலுமினியக் கூழ். பனிப்படிகங்கள் துணிக்கைகளை நெருக்கித் தள்ள, அவை கட்டிகளாக ஒட்டிக்கொள்ளும். திரிந்த பாலை எவ்வளவு குலுக்கினாலும் பாலாகாது. அதுபோல உருகினாலும் பழைய கூழ் திரும்பி வராது. புரதம் நன்றாக இருக்கக்கூடும். ஆனால் அது சரியான வடிவில் நோயெதிர்ப்புக் கலங்களுக்குப் போய்ச் சேராது. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் கட்டியும் கூட வரலாம். ஹெப்படைட்டிஸ் பி −0.5 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும் என்று கணக்கெடுங்கள். சூட்டை இவ்வளவு நன்றாகத் தாங்கும் மருந்து அட்டவணையில் குறைவு, குளிருக்கோ இப்படித் தோற்றுவிடும்.

போலியோ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. அதற்குக் கொழுப்பு உறை இல்லை. கழிவுநீரில் கூடத் தாங்கும் முரட்டு வைரஸ். அப்படியிருந்தும் சொட்டு மருந்துதான் தடுப்பு மருந்துகளில் சூட்டுக்கு மிகவும் பயந்தது. காரணம் அது திரவமாக இருப்பது. சூட்டில் புரத ஓட்டின் அமைப்பு மாறிவிடும், மாறிய ஓடு கலத்தைப் பிடிக்காது. உறைந்தால் சொட்டு மருந்துக்கு ஒன்றும் இல்லை. செயலிழக்கச் செய்த போலியோ ஊசியோ உறையவே கூடாது. ஆகவே "உறை உள்ளது மெலிந்தது, உறை இல்லாதது உறுதி" என்ற பாடப்புத்தக விதியைப் பிரிட்ஜுக்குள் கொண்டுவராதீர்கள்.

---

மருந்தாளர்_பொரளை

நுண்மி சொன்னதை உங்கள் பட்டியலில் பொருத்திப் பார்ப்போம்.

எம்எம்ஆர் தூள் வைக்கலாம். கரைப்பானைத் தனியாகப் பாருங்கள்: கரைப்பான் உறையக்கூடாது. உறைந்தால் கண்ணாடியில் மயிரிழை வெடிப்பு வரும், அதன் வழியே கிருமி போகும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கழுத்தையும் அடியையும் பாருங்கள். சந்தேகம் என்றால் கழியுங்கள். அதற்குப் பதிலாகப் பாமசியில் கிடைக்கும் ஏதோ ஒரு ஊசிநீரை எடுக்காதீர்கள். அந்த மருந்துக்கு அதன் உற்பத்தியாளர் தந்த கரைப்பான் மட்டும்தான். இது சும்மா கண்டிப்பு அல்ல. 2014 செப்டெம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில் சின்னமுத்து ஊசியின் கரைப்பானுக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் அட்ராகியூரியம் கலக்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பூசிப் பிரிட்ஜில் வேறு எந்தக் குப்பியும் இருக்கக்கூடாது என்ற விதியை அதோடு சேர்த்து வாசியுங்கள். இன்சுலினும் கூடாது, பகல் சாப்பாடும் கூடாது.

கொப்பளிப்பான் தூளுக்கும் இதே கதைதான். ஆனால் இது பட்டியலில் ஆக மென்மையான மருந்து, சூட்டுப் பக்கத்துக்கு உற்பத்தியாளரின் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். கரைத்த பிறகு சில வகைகளுக்கு 30 நிமிடம்தான் ஆயுள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் உங்கள் வகைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

விசர்நாய்க்கடி ஊசி கொன்ற வைரஸின் தூள், சூட்டை நன்றாகத் தாங்கும், பயம் கரைப்பானுக்குத்தான். முகவரின் பதில் வரும்வரை கடிபட்டவர் யாராவது வந்தால் காத்திருக்க வைக்காதீர்கள். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி (இதுவும் கொழுப்பு உறை உள்ள வைரஸ்தான்) உடனே அரச ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அங்கே அந்த ஊசி இலவசம்.

இன்ஃபுளுவென்சாவும் ரோட்டாவும் அலுமினியம் இல்லாத திரவங்கள். உறைந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. குப்பியைக் குலுக்கி மண்டி படியும் வேகத்தைப் பார்க்கும் குலுக்கல் சோதனையும் இவற்றுக்குப் பொருந்தாது. ஐஸ் பெக் தொட்ட பெட்டி என்றால் நான் கழிப்பேன்.

ஹெப்படைட்டிஸ் பியும் எச்பிவியும்தான் குலுக்கல் சோதனைக்கு உரியவை. −1.8 பாகை என்று கருவி காட்டியதால் மருந்து உறைந்தது என்று முடிவுகட்ட முடியாது. திரவம் உறைநிலைக்குக் கீழேயும் சில நேரம் உறையாமல் நிற்கும். செய்முறை இது. அதே உற்பத்தியாளரின், அதே தொகுதி இலக்கத்தின், அதே அளவுக் குப்பி ஒன்றை எடுத்து "உறைந்தது, பாவிக்க வேண்டாம்" என்று எழுதி, பிரீசரில் இரவு முழுக்க வைத்துக் கல்லாக்குங்கள். காலையில் வெளியே எடுத்துத் தானாக உருக விடுங்கள். சுடுதண்ணீரில் போடக்கூடாது, கைக்குள் வைத்துச் சூடாக்கவும் கூடாது. சந்தேகக் குப்பியையும் இதையும் ஒரே கையில் பிடித்து 10 முதல் 15 விநாடி நன்றாகக் குலுக்கி, அசையாத மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். 30 நிமிடம் வரை பாருங்கள். உறைய வைத்த குப்பியில் மண்டி வேகமாக அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பி அதைவிட மெதுவாகப் படிந்தால் உறையவில்லை, பாவிக்கலாம். அதே வேகம் அல்லது அதைவிட வேகம் என்றால் கழியுங்கள். லேபல் மறைத்தால் இரண்டையும் தலைகீழாகப் பிடித்துக் கழுத்துப் பக்கத்தில் படிவதைப் பார்க்கலாம். மருந்து கல்லாக உறைந்திருந்ததை ஒருவர் கண்ணால் கண்டிருந்தால் சோதனையே வேண்டாம், நேராகக் கழிவு.

---

பாகை_எட்டு

மருந்தாளர் சொன்ன சோதனை சரி. ஆனால் இந்த இடத்தில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. பத்து டோஸ் குப்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் களஞ்சியத்தில் ஒன்றைப் பலிகொடுப்பது நியாயம். இங்கே ஒவ்வொரு தொகுதியிலும் நாலைந்துதான் இருக்கும். மருந்து நிரப்பிய மெல்லிய சிரிஞ்சாக இருந்தால் படிவதை ஒப்பிட்டுப் பார்ப்பதும் கஷ்டம். அலுமினியம் உள்ளவற்றில் ஐஸ் பெக்கைத் தொட்ட பெட்டிகளைக் கழித்து, தூரத் தட்டில் இருந்தவற்றுக்கு முகவரின் பதிலை எடுப்பதுதான் என் தெரிவு. எச்பிவி விலைதான் கையைக் கடிக்கும், தெரியும்.

---

மருந்தாளர்_பொரளை

சிரிஞ் என்றால் ஒத்துக்கொள்கிறேன். குப்பி என்றால் ஒன்றைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றலாம் என்ற நிலைப்பாட்டில் மாற்றமில்லை.

---

தெஹிவளை_அம்மா

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இப்படிக் கெட்டுப்போன எம்எம்ஆர் ஊசியை ஒரு பிள்ளைக்குப் போட்டுவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? நோய் வருமா?

---

நுண்மி

சூட்டில் வீரியம் இழந்த எம்எம்ஆரால் நோய் வராது. வைரஸ் பெருகாது, அதனால் பாதுகாப்பும் வராது. பிரச்சினை பதிவேட்டில்தான்: பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் ஊசி போட்டதாக இருக்கும், உடலில் பிறபொருளெதிரி இருக்காது. சின்னமுத்து ஒருவரிடமிருந்து, எதிர்ப்பில்லாதவர்கள் மத்தியில், 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் காற்றில் 2 மணித்தியாலம் வரை நிற்கும். அதைத் தடுக்கச் சமூகத்தில் 95 வீதம் பேருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதால் இப்படிப்பட்ட "கடதாசி ஊசிகள்" சத்தமில்லாமல் ஓட்டை போடும். இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் உறுதிப்படுத்தப்பட்டது. 2023இல் நோயாளர்கள் மீண்டும் வந்தார்கள்.

கெட்ட ஊசி என்று தெரிந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் திரும்பப் போட வேண்டும். எம்எம்ஆர் போன்ற உயிருள்ள ஊசி என்றால் முந்தியதிலிருந்து குறைந்தது 4 கிழமை இடைவெளி. ஏனென்றால் அரைகுறையாக வைரஸ் மிஞ்சியிருந்தால் அது தூண்டிவிடும் எதிர்ப்பு அடுத்த ஊசியின் வைரஸைப் பெருகவிடாது. ஹெப்படைட்டிஸ் பி போன்ற உயிரற்றவற்றுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை, தெரிந்தவுடன் போடலாம். இங்கே எம்எம்ஆர் 9 மாதத்திலும் 3 வயதிலும், யப்பானிய மூளைக்காய்ச்சல் உயிருள்ள ஊசி 12 மாதத்திலும் வருகிறது. 9 மாத ஊசியைத் திரும்பப் போடப் பிந்தினால் 12 மாத ஊசியோடு இடிபடும்: இரண்டையும் ஒரே நாளில், அல்லது 4 கிழமை தள்ளி. கிளினிக்கில் மருத்துவிச்சியிடம் பதிவேட்டைக் காட்டினால் திகதி குறித்துத் தருவார்.

இன்னொரு சின்ன விஷயம், ஊசி போடுகிறவர்களுக்கு. குப்பியின் றப்பர் மூடியையும் தோலையும் மதுசாரத்தால் துடைத்தால் காயும்வரை பொறுங்கள். ஈரமாக இருக்கும்போதே குத்தினால் மதுசாரம் உள்ளே போய் எம்எம்ஆர் வைரஸைக் கெடுக்கலாம்.

---

கிளினிக்_வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. முகவருக்கு எழுதியாயிற்று. இனிமேலைக்கு இதே பிரிட்ஜை எப்படி அடுக்குவது? அடுத்த மின்தடைக்கு ஐஸ் பெக் வைக்கவே கூடாதா?

---

பாகை_எட்டு

வைக்கலாம், பிரீசரிலிருந்து எடுத்தபடியே வைக்கக்கூடாது. பிரீசரில் இருந்து வந்த பெக் −10, −20 பாகையில் இருக்கும். மேசையில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை விடுங்கள். அந்த நேரம் பெக் 0 பாகைக்கு வந்திருக்கும். எவ்வளவு நேரம் என்று மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, சத்தம்தான் அளவு. இருட்டில் அவசரத்தில் யாரும் இதைச் செய்யமாட்டார்கள் என்பதால், உங்களைப் போன்ற இடத்துக்கு பிரிட்ஜிலேயே குளிரவைத்த தண்ணீர்ப் பெக் நல்லது. நேரம் குறைவாகத் தாங்கும், ஆனால் எதையும் உறைய வைக்காது.

பிரிட்ஜில் கீழ்த் தட்டிலும் கதவிலும் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்புங்கள். கரண்ட் போனால் அந்தத் தண்ணீர்தான் குளிரைப் பிடித்து வைக்கும். யாராவது எடுத்துக் குடித்துவிடாமல் சாயம் கலந்து வையுங்கள். தடுப்பூசி நடுத் தட்டுகளில் மட்டும். பிரீசரிலிருந்து குளிர்காற்று வரும் துவாரத்துக்கு முன்னாலும், பின்சுவரை ஒட்டியும், கதவிலும், மரக்கறிப் பெட்டியிலும் வேண்டாம். பெட்டிகளுக்கு இடையில் காற்றுப் போக விரலிடை விடுங்கள். பிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர். எம்எம்ஆர், கொப்பளிப்பான் தூள் குளிர்ப் பக்கத்தில் இருக்கட்டும். ஹெப்படைட்டிஸ் பி, எச்பிவி அதிலிருந்து தூரத்தில்.

நேரத்தோடு பதியும் டேட்டா லொகர் ஒன்று வாங்குங்கள். ஆகக்கூடியது, ஆகக்குறைந்தது மட்டும் காட்டுகிற கருவியால்தான் இந்தத் தலையிடி முழுவதும். காலை திறக்கும்போதும் மாலை மூடும்போதும் பார்த்து எழுதுவது அதற்குப் பிறகும் தொடர வேண்டும்.

மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லும் அட்டவணை 2022இல் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு மோதி நாடே இருண்டபோது அட்டவணை இருக்கவில்லை. காலி வீதித் தொடர்மாடிகளில் ஜெனரேட்டர் உண்டு, கீழ்த்தளக் கடைகளின் பிளக்குகள் அந்த லைனில் இல்லாமல் இருப்பதுதான் வழக்கம். உங்கள் பிளக் எந்த லைன் என்று கட்டட முகாமையிடம் கேட்டு, அதன் மேலே "கழற்ற வேண்டாம்" என்று ஒட்டுங்கள். தடையின்போது கதவைத் திறக்காமல் இருந்தாலே சில மணித்தியாலம் தாங்கும்.

மின்சாரம் திரும்பியதும் சீக்கிரம் குளிரட்டும் என்று குமிழை ஆகக்கூடிய எண்ணுக்குத் திருப்பாதீர்கள். வேகமாகக் குளிராது, கொம்பிரசர் நிற்காமல் ஓடி விடியற்காலையில் நடுத் தட்டு உறைநிலைக்குப் போய்விடும். குமிழ் இருந்த இடத்திலேயே இருக்க, அந்த எண்ணைப் பேனாவால் குறித்து மேலே ரேப் ஒட்டிவிடுங்கள்.